ஜப்பான் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓவியம், இசை: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். தோக்கியோவில ஒரு மொழிப் பள்ளியில படிக்கிறன். யாழ்ப்பாணத்தில இசைப் பட்டம், நாலு வருசம், வீணை. என்ர அறைத்தோழி கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில ஓவியம் படிச்சவ. ரெண்டு பேருக்கும் அரச பல்கலைக்கழகத்தில சேரத்தான் விருப்பம். தனியார் கட்டணம் எங்களால ஏலாது. எங்க இருந்து தொடங்குறது? வீணையோட எந்தத் துறைக்குப் போகலாம்?

பதில்: சேர்க்கை, கட்டணம்

தங்கச்சி, இங்கே நீங்கள் ஒரு கல்லூரியில் சேர்வதில்லை, ஓர் ஆசிரியரின் கென்க்யூஷித்சுவில், அதாவது அவருடைய ஆய்வறையில் சேர்கிறீர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும்.

அரசு என்பதில் இரண்டு வகை உண்டு. தேசியப் பல்கலைக்கழகங்கள் கொக்குரித்சு. மாநகரமோ மாகாணமோ நடத்துபவை கோரித்சு. கலைக்கென்றே இருக்கும் ஒரே தேசியப் பல்கலைக்கழகம் தோக்கியோ கெய்தாய். 1887-இல் நிறுவப்பட்ட நுண்கலைப் பள்ளியும் இசைப் பள்ளியும் 1949-இல் ஒன்றாகி உருவானது. நம்மவர்கள் இதை மட்டுமே பார்க்கிறார்கள், அது தவறு. 1880-இல் ஓவியப் பள்ளியாகத் தொடங்கிய கியோத்தோ மாநகரக் கலைப் பல்கலைக்கழகம் 2023-இல் கியோத்தோ ரயில் நிலையத்தின் அருகே புதிய வளாகத்துக்கு வந்துவிட்டது. நாகோயா அருகே நாகாகுத்தேயில் ஐச்சி மாகாணக் கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கைவினைக்குக் கனாசாவா, பிங்காத்தா சாய வேலைக்கும் ரியூக்கியூ இசைக்கும் ஒக்கினாவா, இன்னும் ஹிரோஷிமா மாநகரப் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவு. இவற்றில் வகுப்புகள் சிறியவை. ஆசிரியரின் கவனம் கிடைக்கும், வாடகையும் தோக்கியோவைவிடக் குறைவு.

தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். கெய்தாய் 2019-இல் ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 யென்னாக உயர்த்தியது. மாநகர, மாகாணப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க்காரர் அல்லாதவருக்குச் சேர்க்கைக் கட்டணம் கூடுதல். தனியார் கலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 15 லட்சம் யென்னைத் தாண்டுவது சாதாரணம்.

இருவருமே பட்டம் வைத்திருக்கிறீர்கள், மறுபடி இளநிலைக்குப் போகாதீர்கள். கெய்தாயின் எண்ணெய் ஓவியத் துறையில் ஓர் இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் போட்டி. ஜப்பானியப் பிள்ளைகள் இதற்கென்றே உள்ள தயாரிப்புப் பள்ளிகளில் வருடக்கணக்கில் பிளாஸ்டர் சிலைகளைக் கரித்துண்டால் வரைந்துவிட்டு வருகிறார்கள்.

உங்களுக்கு ஏற்ற கதவு கென்க்யூசெய், ஆய்வு மாணவர். இதற்குப் பட்டம் கிடையாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்த ஆசிரியரிடம் இருந்துகொண்டு முதுநிலைத் தேர்வுக்குத் தயாராகலாம். தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைத் தொகை: தேர்வுக் கட்டணம் 9,800, சேர்க்கை 84,600, மாதத்துக்கு 29,700 யென். வகுப்பில் அமர்ந்து கேட்பது மட்டுமே உங்கள் படிப்பு என்றால் விசாவுக்கு வாரம் குறைந்தது 10 மணி நேரம் தேவை. அதை முதலிலேயே அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்பே ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும். இதை நைதாக்கு என்பார்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், யாரும் பதில் எழுத மாட்டார்கள். ஜனவரி இறுதியில் உவேனோவில், தோக்கியோ மாநகரக் கலை அருங்காட்சியகத்திலும் கெய்தாய் வளாகத்திலும், பட்டம் பெறுவோரின் கண்காட்சி நடக்கும். மற்றப் பல்கலைக்கழகங்களும் பிப்ரவரியை ஒட்டி நடத்தும். போய்ப் பாருங்கள். யாருடைய மாணவர்களின் வேலை உங்கள் வேலையோடு பேசுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த ஒருவருக்கு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள், ஜப்பானிய மொழியில், மூன்று படைப்புகளின் படத்தோடு. எதைச் செய்யப் போகிறீர்கள், அதற்கு ஏன் அவருடைய அறை வேண்டும் என்ற இரண்டுக்கும் கடிதத்தில் விடை இருக்க வேண்டும். 'ஜப்பானியப் பண்பாட்டின் மீது ஆர்வம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஏப்ரலில் சேர வேண்டுமானால் முந்தைய கோடைக்குள் எழுதத் தொடங்க வேண்டும்.

முதுநிலைக்குப் பொதுவாகப் 16 ஆண்டுக் கல்வி கேட்பார்கள். உங்கள் இருவருக்கும் நான்காண்டுப் பட்டம், கவலையில்லை. மூன்றாண்டு பி.ஏ. வைத்திருப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே தகுதி ஆய்வு கேட்டு எழுத வேண்டும். அதற்கு வேறு கடைசி நாள், அது விண்ணப்பத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். இதைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்கள் அதிகம்.

ஊரில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு மெக்ஸ்ட், அதாவது ஜப்பான் கல்வி அமைச்சின் உதவித்தொகை. தூதரகப் பரிந்துரை புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கானது. சென்னைத் துணைத் தூதரகம் வழியாகவும் கொழும்புத் தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆய்வு மாணவருக்கு மாதம் 1,43,000 யென், கல்விக் கட்டணமும் அரசே கட்டும். நுண்கலை என்றால் படைப்புகளின் படங்கள், இசை என்றால் ஒலிப்பதிவு சேர்க்க வேண்டும். கபுக்கி, ஜப்பானியச் செவ்வியல் நடனம் போன்ற மரபு நிகழ்கலைகளைப் பயில்வதற்கு இந்தத் தொகை கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆய்வுத் தலைப்பை அதற்கேற்ப வையுங்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் ஜாசோ எனும் மாணவர் உதவி அமைப்பு தரும் மாதம் 48,000 யென்னுக்குப் பல்கலைக்கழகம் வழியாக முயலலாம். கட்டணக் குறைப்பு இருந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பதில்: வீணைக்கு

தங்கை, வாசிப்புத் துறைகள் எல்லாம் மேற்கத்திய வாத்தியங்களுக்கு, இல்லையென்றால் கோத்தோ, ஷாமிசென், ஷாகுஹாச்சி போன்ற ஜப்பானிய வாத்தியங்களுக்கு. வீணைக்கென்று துறை இல்லை. உங்கள் வழி இசையியல், கெய்தாயில் அதன் பெயர் கக்குரி. அங்கே பணியாற்றிய இசையியலாளர் கொய்சுமி ஃபுமியோ 1950களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து இசை பயின்றவர். அவர் சேர்த்த வாத்தியங்களும் ஒலிப்பதிவுகளும் அவர் பெயரிலேயே கெய்தாயில் ஆவணக்காப்பகமாக இருக்கின்றன. ஆசியச் செவ்வியல் இசையை ஆய்வுப் பொருளாக வைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. கியோத்தோவிலும் ஜப்பானிய மரபிசைக்கென்று தனி ஆய்வு மையம் உண்டு. கோத்தோவின் வளைப்பையும் வீணையின் கமகத்தையும் ஒப்பிடுவது போன்ற தலைப்பு வைத்தால் உங்கள் பத்து விரலும் ஆய்வுக்குப் பயன்படும்.

இசையியலில் எழுத்துதான் எல்லாம். ஜப்பானிய மொழியில் கட்டுரை எழுத வேண்டும், நூல்களைப் படித்து விளக்க வேண்டும். விதிமுறையில் ஜப்பானிய மொழித் தேர்வின் என்2 நிலை என்று போட்டிருந்தாலும் அதற்கு மேலான என்1 அளவு இல்லாமல் வகுப்பில் திணறுவீர்கள்.

செவிப்பயிற்சித் தேர்வு இருக்கும் இடங்களில் நம்மவர் தடுமாறுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. நமக்கு ஸட்ஜம் நகரும், எந்தச் சுருதியிலும் ஸ ஸ-தான். இங்கே தோ நகராது, எந்தச் சுருதி வந்தாலும் சி-தான் தோ. போதாததற்குச் செவ்வியல் மாணவர்கள் சுரங்களை ஜெர்மன் பெயரில் சொல்வார்கள்: ஹா என்றால் பி, பே என்றால் பி ஃபிளாட். சுருதியின் பெயருக்கு மட்டும் ஜப்பானிய எழுத்து, ஹ சோச்சோ என்றால் சி மேஜர். அந்த ஜப்பானிய ஹவும் ஜெர்மன் ஹாவும் ஒன்றல்ல. முதல் மாதத்தில் எல்லோரும் குழம்புவது இதில்தான்.

கேட்டு எழுதும் தேர்வில் பெரும்பாலும் எட்டு பார் நீளமுள்ள மெட்டைப் பகுதி பகுதியாகப் பியானோவில் வாசிப்பார்கள். கமகத்தில் பழகிய காது சுரத்துக்குப் போகும் பாதையைப் பிடிக்கும், தேர்வோ சுரத்தையும் அது நிற்கும் காலத்தையும் மட்டும் கேட்கும். அதனால் தினமும் அரை மணி நேரம் பியானோ ஒலியைக் கேட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிப் பழகுங்கள். கூடவே பார்த்த உடனே பாடும் பயிற்சி. இங்கே ஏ சுரம் பெரும்பாலும் 442 ஹெர்ட்ஸ், தம்புரா செயலியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

வீணையை இன்னும் கொண்டுவரவில்லை என்றால் பழைய வீணையில் தந்தம் பதித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விமானத்தில் ஏற்றாதீர்கள், சுங்கத்தில் பறிபோகும். தோல் வாத்தியம் கொண்டுவருபவர்கள் பதனிடாத தோல் என்பதைச் சொல்லி, விலங்குத் தனிமைக் காப்பு அலுவலகத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ஆகஸ்டில் மூடிய அறை 35 டிகிரியைத் தாண்டும், வீணையின் மெட்டுகளைப் பதித்த மெழுகு இளகி அவை நகர்ந்துவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தோக்கியோ காற்று வறண்டிருக்கும், பலா மரம் சுருங்கி விரிசல் விடும். பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானி வைத்து 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஏசியின் காற்று நேரே படும் இடம் வேண்டாம்.

பதில்: ஓவியத்துக்கு

தோழிக்குச் சொல்லுங்கள். படைப்புத் தொகுப்பு ஏ4 கோப்பில், பத்திலிருந்து இருபது படைப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. கித்தான் அளவை இங்கே எண்ணால் சொல்வார்கள்: எஃப்10 என்றால் 530 × 455 மில்லிமீட்டர், எஃப்50 என்றால் 1167 × 910. அங்குலத்தில் எழுதினால் பார்ப்பவருக்கு உருவம் மனதில் வராது. சின்ன அளவிலேயே வரைந்து பழகியவர்கள் ஒன்றிரண்டு பெரிய படைப்பாவது சேர்க்க வேண்டும். இங்கே முதுநிலை மாணவர்கள் எஃப்100-ஐச் சாதாரணமாகக் கையாளுகிறார்கள்.

நிஹோங்கா, அதாவது ஜப்பானிய ஓவியம், எடுக்க நினைத்தால் பொருட்செலவைக் கணக்கில் எடுங்கள். கல்லை அரைத்த வண்ணம் 15 கிராம் அளவில் விற்கும். புட்டியில் உள்ள எண் துகளின் அளவு: 5 என்றால் மணல் போல், 13 என்றால் மாவு போல், எண் கூடக் கூட நிறம் வெளிறும். அசுரைட் நீலமும் மாலகைட் பச்சையும் மிக விலை. முதல் வருடம் ஷின்-இவா எனும் செயற்கை வண்ணத்தில் பழகுங்கள். பிணைப்பது நிக்காவா, மாட்டுத் தோல் எலும்புப் பசை. சைவக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். 10 கிராம் பசையை ஏறத்தாழ 100 மில்லி நீரில் இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் வலு போய், காய்ந்தபின் வண்ணம் பொடியாக உதிரும். கோடையில் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் நாறும்.

உருஷி, அரக்கு வேலை பக்கம் போகிறவர்கள் கவனம். சேங்கொட்டை, முந்திரி, மாமரம் எல்லாம் உருஷி மரத்தின் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டுக் கொப்புளித்த உடம்பு உருஷியிலும் கொப்புளிக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் பச்சை அரக்கைத் தொடக்கூடாது.

எண்ணெய் ஓவியம் வரைபவர்கள் ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, பையில் இறுகக் கட்டி, அந்தப் பகுதியின் குப்பை விதிப்படி போடுங்கள். டர்பென்டைனை ஊரிலிருந்து கொண்டுவரவும் வேண்டாம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கேள்வி

நன்றி அக்கா, அண்ணா. அறை மாத்த வேணும், வேலையும் தேட வேணும். வீணை வாசிக்க விடுவினமா?

பதில்: அறை, வேலை, ஆவணங்கள்

அறை விளம்பரத்தில் மூன்று சொற்களைப் பாருங்கள். கக்கி-ஃபுகா என்றால் வாத்தியம் கூடாது. கக்கி-சோதான் என்றால் பேசிப் பார்க்கலாம். கக்கி-கா என்றால் வாசிக்கலாம், ஆனால் சுவர் ஒலியைத் தடுக்கும் என்று பொருளில்லை. எந்த வாத்தியம், எத்தனை மணி வரை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வீணை மெல்லிய ஒலி, வீட்டுக்காரரிடம் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினால் சோதான் வீடுகள் ஒத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மிருதங்கமோ நாதஸ்வரமோ என்றால் வார்டு நிர்வாகத்தின் இசை அறைகளை மணிக்கணக்கில் எடுங்கள், பகலில் கரோக்கே அறைகளும் உதவும். தோழி வீட்டில் வரைவதாக இருந்தால் தரையில் கனமான விரிப்பு போடட்டும். வண்ணக் கறை இருந்தால் காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள்.

வேலைக்கு அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம். எல்லா வேலைகளையும் கூட்டித்தான் 28, எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் ஏழு நாளுக்குள் மீறக்கூடாது. நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். நம் துறைக்காரர் சிக்கும் இடம் வேறு: படம் வரைந்து தரும் ஒப்பந்தம், தனிக் கச்சேரி போல மணிக்கணக்கில்லாத வருமானத்தை இந்தப் பொது அனுமதி தாங்காது. அதற்குக் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்குங்கள். உபசரிப்புப் பெண்கள் இருக்கும் மதுக்கூடங்களில் வாசிப்பதும் பாத்திரம் கழுவுவதும் ஒன்றே, இரண்டும் தடை.

மொழிப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வீடு மாறினால் நகர மன்றத்துக்கு அதே 14 நாள். 20 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஓய்வூதியத் தவணை வரும். பல்கலைக்கழக மாணவருக்கான ஒத்திவைப்புப் படிவத்தை மன்றத்திலேயே கொடுக்கலாம். ஆனால் அது ஒரு நிதியாண்டுக்கு மட்டும், ஒவ்வொரு ஏப்ரலிலும் மறுபடி கொடுக்க வேண்டும். ஆய்வு மாணவராக இருக்கும் காலத்துக்கு அது பொருந்துமா என்பதை மாணவர் அட்டையைக் காட்டி அங்கேயே கேளுங்கள். பொருந்தாவிட்டால் வருமானக் குறைவுக்கான விலக்குப் படிவத்தை அப்போதே வாங்கி நிரப்புங்கள்.