ஒன்டாரியோவில் முதல் கார் எடுப்பவர்களுக்கு: சாவி கையில் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஊரில் எட்டு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை இங்கே முதல் கார் கைக்கு வருகிறது. புதிதாகத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?" அவருக்கு மட்டும் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது. சரி, எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே போடுகிறேன். நான் இருப்பது கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஒன்டாரியோ கணக்கு. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அந்த எட்டு வருடப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். சாலை விதியை மூளை சீக்கிரம் மாற்றிக்கொள்ளும். கையும் காலும் மாறாது. என் முதல் நாளைச் சொல்கிறேன். கார் விற்கும் கடையிலிருந்து வெளியே வந்து முதல் சிக்னல், இடப்பக்கம் திரும்ப வேண்டும். கை தன்பாட்டுக்கு ஸ்டீயரிங்கின் வலப்பக்கக் குச்சியைத் தட்டியது. சுள்ளென்று வெயில், வைப்பர் கரகரவென்று காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கிறது, இண்டிகேட்டர் போடவே இல்லை. நம்மூர் மாருதி, ஹூண்டாயில் இண்டிகேட்டர் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். அடுத்த சிக்னலில் இன்னொன்று. ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது என்று தெரியும். ஆனால் இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டது. மனைவி மடியில் இருந்த காபி டேஷ்போர்டில். பின்னால் வந்தவர் நல்ல மனுஷன், ஹார்ன் மட்டும் அடித்தார்.

அதனால் என் முதல் ஆலோசனை இதுதான்: கடை வாசலிலேயே, வண்டியை நிறுத்தி வைத்தபடி, ஒரு மணி நேரம் உள்ளே உட்காருங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். இடது காலை ஓரத்தில் இருக்கும் கால் மேடையில் வைத்துவிட்டு, பயணம் முடியும்வரை அதை மறந்துவிடுங்கள். இடப்பக்கக் குச்சியை இருபது தடவை மேலும் கீழும் தட்டுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் கைக்குப் புத்தி சொல்ல வேறு வழி கிடையாது.

அப்புறம் சீட். முதுகைச் சீட்டில் ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும்; ஏர்பேக் வெடித்து விரிய அந்த இடம் தேவை. குள்ளமானவர்கள் முன்னால் இழுத்து உட்காரும்போது இதைக் கவனிப்பதே இல்லை. சீட்டை உயர்த்தி, ஸ்டீயரிங்கைத் தாழ்த்திப் பாருங்கள், இடம் கிடைக்கும். தலைக்குப் பின்னால் இருக்கும் மெத்தை தூங்குவதற்கு இல்லை, பின்னாலிருந்து இடித்தால் கழுத்தைக் காப்பாற்றத்தான். அதன் மேல் விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரட்டும்.

பக்கக் கண்ணாடியில் உங்கள் காரின் பக்கவாட்டு பாதி தெரிந்தால் அந்த இடம் வீண். தலையை இடது ஜன்னலோரம் சாய்த்து, அங்கிருந்து பார்க்கையில் காரின் ஓரம் மட்டும் லேசாகத் தெரியும்படி இடது கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். வலது கண்ணாடிக்கு வண்டியின் நடுவில் சாய்ந்து அதேபோல். வலது கண்ணாடி குவிந்திருக்கும், பின்னால் வருகிற வண்டி உள்ளதைவிடத் தூரமாகத் தெரியும். அதை மட்டும் நம்பி 401 நெடுஞ்சாலையில் தடம் மாறாதீர்கள், தோளைத் திருப்பிப் பாருங்கள். டிரைவிங் டெஸ்டில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான் என்று என் பயிற்சியாளர் சொல்வார்.

இனி வருவதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஊரில் நாம் தொட்டே பார்க்காத பொத்தான்கள்தான் இங்கே உயிர் காக்கும்.

ஏசி பக்கத்தில் கார் படத்துக்குள் ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கும். உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும் பொத்தான். சென்னையில் தூசி, புகை, லாரி நாற்றம் வராமலிருக்க அதை வருடம் முழுக்கப் போட்டே வைத்திருப்போம். நானும் அப்படித்தான் இங்கே முதல் ஜனவரியில் அழுத்தி வைத்திருந்தேன். நெடுஞ்சாலை ஏறுவதற்குள் முன் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. மனைவி துப்பட்டாவால் துடைக்கிறாள், துடைத்த இடம் அடுத்த நிமிடமே மறைகிறது. நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சில்லென்ற கண்ணாடியில் போய்ப் படிகிறது, அவ்வளவுதான் விஷயம். குளிர்காலத்தில் அந்தப் பொத்தான் அணைந்தே இருக்கட்டும்.

கண்ணாடி மங்கினால், விசிறிபோல விரிந்த படத்தில் மூன்று நெளி அம்புகள் இருக்கும், அதை அழுத்துங்கள். அது முன் கண்ணாடிக்கு. செவ்வகத்துக்குள் அம்புகள் இருப்பது பின் கண்ணாடிக்கு. முன்னதை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் ஏசியும் தானாகவே ஓடும். குளிரில் ஏசியா என்று அணைத்துவிடாதீர்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். சூட்டைக் கூட்டி, ஏசியையும் ஓடவிட்டால் கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

வெளிப்பக்கம் உறைந்திருந்தால் பனியைச் சுரண்டும் ஸ்கிரேப்பர்தான். சுடுதண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். கூரையில் இருக்கும் பனியையும் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் முதல் பிரேக்கில் மொத்தமும் சறுக்கி முன் கண்ணாடியில் வந்து விழும், அல்லது பின்னால் வருபவர் தலையில்.

விளக்கில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கனடாவில் 1990 வாக்கிலிருந்து வந்த கார்களுக்குப் பகலிலும் முன் விளக்கு தானாக எரியும். டேஷ்போர்டும் பளிச்சென்று இருக்கும். இருட்டிய பிறகும் எல்லாம் எரிகிறது என்று நினைத்து ஓட்டுவோம். பின்னால் ஒரு விளக்கும் எரியாது. 2021 செப்டம்பருக்குப் பிறகு தயாரான வண்டிகளில் இதைச் சரிசெய்ய விதி வந்துவிட்டது. ஆனால் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் வாங்குவது பழைய கார். விளக்குத் திருகியை 'ஆட்டோ'வில் வையுங்கள், மழையோ பனியோ கொட்டினால் கையால் முழுசாகப் போடுங்கள். சூரிய அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பிருந்து, உதயத்துக்கு அரை மணி பின்புவரை விளக்கு கட்டாயம்.

கண்ணாடி கழுவும் தொட்டியில் நம்மூரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவோம். நானும் நவம்பரில் ஊற்றினேன். உறைந்து, ஒரு வாரம் உப்புச் சேறு படிந்த கண்ணாடி வழியாக ஓட்டினேன். மைனஸ் 40 என்று எழுதிய நீலத் திரவம் கடைகளில் கேன் கேனாக இருக்கும்; அக்டோபரிலேயே ஊற்றிவிடுங்கள். பானட் திறக்கும் நெம்புகோல் டேஷ்போர்டுக்குக் கீழே இடது முழங்கால் பக்கம். இழுத்தால் பானட் ஒரு விரல் அளவு மட்டும் எழும்பும். இடுக்கில் விரல்விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளினால்தான் முழுசாகத் திறக்கும். இதையும் கடை வாசலிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள், இருட்டில் பனியில் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம்.

முதல் குளிர் வந்ததும், குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரியும். பஞ்சர் என்று பதறாதீர்கள். ஏறக்குறைய 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. காற்று இறங்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய காகிதத்தில் இருக்கும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அந்த அளவுக்கு அடிக்காதீர்கள். மஞ்சள் விளக்கு என்றால் கவனி. சிவப்பு என்றால் ஓரங்கட்டி நிறுத்து.

பனிக்கால டயர் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, மாண்ட்ரியலுக்குக் குடிபோகிறவர்களுக்குக் கட்டாயம்: கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. என் கருத்தில் இங்கும் போட்டே ஆக வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2016-இலிருந்து இதற்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று விதி. நீங்கள் கேட்டால்தான் தருவார்கள். டயர் மாற்றி 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள், பல புதுக் கார்களில் காற்றடிக்கும் பெட்டி மட்டும்தான்.

குழந்தை இருப்பவர்களுக்கு: துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ குழந்தை சீட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மேப்பிள் இலை போட்ட கனடா பாதுகாப்பு முத்திரை இல்லாத சீட் இங்கே சட்டப்படி செல்லாது. பின் சீட் இடுக்கில் கையை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படும், 2002 செப்டம்பருக்குப் பின் வந்த கார்களில் இருக்கும். குழந்தை சீட்டின் கொக்கியை அதில் மாட்ட வேண்டும். முன்பக்கம் பார்த்து வைக்கும் சீட் என்றால் மேலே ஒரு பட்டையும் உண்டு, அதைக் காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்ட மறக்கிறவர்கள்தான் அதிகம். 9 கிலோ ஆகும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும்.

பழைய கார் என்றால் அதன் திரையில் முந்தைய உரிமையாளரின் போன் இணைப்பு இருக்கும், அவர் வீட்டு முகவரியும் இருக்கும். அழித்துவிடுங்கள், நாளை விற்கும்போது உங்களுடையதையும். நம்பர் பிளேட் இங்கே ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. விற்பவர் கழற்றிக்கொண்டு போவார். வண்டி ஓட்டத் தகுதியானது என்று மெக்கானிக் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், அதற்குள் பதிவை முடியுங்கள். இன்சூரன்ஸ் எடுக்காமல் சக்கரம் உருளவே கூடாது. போனை ஸ்டாண்டில் மாட்டுங்கள். கையில் பிடித்துப் பிடிபட்டால் 615 டாலர், ஜி2 என்ற இடைநிலை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் லைசென்ஸும் போகும்.

பூஜையை விடுவோமா? ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் வாகன பூஜை செய்கிறார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு வாருங்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் டேஷ்போர்டின் வலப்பக்கம் பித்தளைப் பிள்ளையாரை ஒட்டாதீர்கள். அங்கே 'ஏர்பேக்' என்று சின்னதாகப் பொறித்திருக்கும். விபத்தில் அந்த மூடிதான் பிளந்துகொண்டு வரும், பிள்ளையார் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு வருவார். நடுவில், திரைக்குக் கீழே சின்னதாக வையுங்கள். உள்கண்ணாடியில் பெரிய மாலை தொங்கவிட்டு பார்வை மறைந்தால் போலீஸ் நிறுத்தலாம்.

வண்டியை முன்கூட்டியே சூடாக்கலாமா என்று கீழே கமெண்டில் ஒரு தங்கை கேட்டதற்கும் இங்கேயே பதில்: ரிமோட்டில் வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கலாம், திறந்த வெளியில் மட்டும். கராஜுக்குள் வேண்டவே வேண்டாம், கதவு திறந்திருந்தாலும்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பனி கொட்டிய அன்று வெளியிலும் புகைக்குழாய் வாய் பனியில் புதைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சாவியின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். ரிமோட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். நகர்த்தினால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும், அதால் கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்களில் வண்டி கிளம்பும். அந்தப் பூட்டுத் துளையும் குளிரில் உறையும், உருக்கும் திரவம் சின்னக் குப்பியில் கிடைக்கும். வாங்கியதும் நான் பத்திரமாகக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது கோட்டுப் பையில் இருக்கிறது.