இது மியூரா எஸ்ஸா, எஸ்வியா? தெரிந்தவர்கள் கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய சாமான் கடையில் 1:18 அளவு (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு) லம்போர்கினி மியூரா கார் மாடல் ஒன்று கிடைத்தது. பெட்டி இல்லை, பெயின்ட் உரிந்து கிடக்கிறது. மியூராவில் பி400, எஸ், எஸ்வி என்று வகைகள் உண்டு; இதை எஸ்வி என்று சொல்லித்தான் கடைக்காரர் தலையில் கட்டினார். எனக்கு நம்பிக்கை இல்லை. முகப்பு விளக்குகளைச் சுற்றி இமைமுடி மாதிரி அந்தக் கறுப்புக் கம்பிகள் இருக்கின்றன. 1971இல் வந்த எஸ்வியில் பெரும்பாலும் அவை கிடையாதே! எஸ்வியில் அகலமாக இருக்கும் பின்பக்க மட்கார்டும் இதில் ஒல்லிதான். அப்படியானால் 1966 ஜெனீவா கண்காட்சியில் வந்த பி400, இல்லாவிட்டால் 1968இன் எஸ். ஜன்னல் ஓரத்தில் குரோம் இருந்தால் எஸ் என்று சொல்லிவிடலாம். இதில் அந்த இடமே சுரண்டிப் போயிருக்கிறது. வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இதைச் சீர்செய்வதில் வெளிப்பக்கத்தை எப்படியோ சமாளித்துவிடுவேன். எஞ்சின்தான் தலைவலி. குறுக்காகக் கிடக்கும் 3.9 லிட்டர் வி12, மேலே நான்கு வெபர் கார்புரேட்டர்கள். (நிஜக் காரில் அவற்றிலிருந்து பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்த கதைகள் உண்டு. நமக்கு அந்தப் பயம் இல்லை.) டாங்க் முன்பக்கம் இருக்கிறதே, பெட்ரோல் குழாய் பின்னால் எந்தப் பக்கமாக வருகிறது? பிளக் வயர்கள் என்ன நிறம்?

நிஜ மியூராவை அருகில் பார்த்தவர்கள், மூடி திறந்த படம் இருந்தால் போடுங்கள். மங்கலாக இருந்தாலும் சரி.