முதல் பிள்ளை வீட்டில், இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருப்பு: தத்துப் பெற்றோர் அனுபவப் பகிர்வு

மேலூர் அம்மா:
எங்க மகளுக்கு நாலு வயசு, தத்தெடுத்த பிள்ளை. இரண்டாவது பிள்ளைக்கும் காராவில் (தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) பதிவு போட்டாச்சு. இந்தக் காத்திருப்புக் காலத்தை வீட்டில் எப்படிக் கொண்டுபோறது? அவகிட்ட எதை எப்போ சொல்றது? காகிதத்தில் எது தவறிப்போகும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

செல்லூர் அக்கா:
தங்கச்சி, முதல்ல ஹோம் ஸ்டடி, அதாவது தத்துக்கு முன்னாடி நடக்கிற வீட்டு ஆய்வு. வீட்டுக்கு வர்ற சமூகப் பணியாளர் கையில் ஃபைலோடு உட்கார்ந்து அம்மா அப்பாவைக் கேள்வி கேட்பார், பீரோ இருக்கிற அறைவரை பார்ப்பார். முதல் தத்துக்கு அப்புறம் ரெண்டு வருசம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஃபாலோ-அப்புக்கும் இதே மாதிரி ஆள் வந்திருப்பாங்க. குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஃபைல் வைத்திருக்கும் வெளியாள் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: யாரோ என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கத்தில் அழுகை, அம்மா புடவையைப் பிடிச்சுக்கிட்டே கழிவறைவரைக்கும் வர்றது, ஸ்கூல் வாசலில் இறங்க மாட்டேன்னு அடம் எல்லாம் இதனால வரும். நிறையப் பேர் இதைக் குறும்புன்னு நினைச்சு அதட்டிடுவாங்க.

அதனால அவர் வர்றதுக்கு முந்தின நாளே நேரடியாகச் சொல்லிடணும். "நாளைக்கு ஒரு அத்தை நம்ம வீட்டைப் பார்க்க வருவாங்க. காபி குடிச்சிட்டு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. நீ இங்கதான் இருப்ப, ராத்திரி நம்மகூடத்தான் தூங்குவ." கடைசி வரி முக்கியம், அதை ரெண்டு தடவை சொல்லுங்க. வந்தவர் கிளம்பும்போது பிள்ளையைத் தூக்கிட்டு வாசல்வரை போய் டாட்டா சொல்ல வைங்க. போனவர் தனியாகத்தான் போனார்ங்கிறதை அது கண்ணால் பார்க்கணும். சமூகப் பணியாளரிடமும் முன்கூட்டியே போனில் சொல்லி வைக்கலாம். பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசணும்னா வீட்டுக்குள்ளேயே, கதவைத் திறந்து வைத்துப் பேசுவார்.

அடுத்தது, பிள்ளையிடம் தேதி சொல்லாதீங்க. "அடுத்த தீபாவளிக்குத் தம்பி வந்துடுவான்" என்று சொன்னால் தீபாவளி வரும், தம்பி வரமாட்டான். பெரியவங்களுக்கு அது தாமதம். நாலு வயசுப் பிள்ளைக்கோ, வர்றேன்னு சொன்ன ஆள் வரலைன்னு ஆகிடும். ஏற்கெனவே ஆட்களை இழந்த பிள்ளைக்கு அது பழைய காயத்திலேயே படும். ரெஃபரல் (உங்களுக்கு இந்தக் குழந்தை என்று காரா அனுப்புற விவரம்) வந்து, நீங்கள் ஏற்று, கூட்டிவரும் நாளும் முடிவானபிறகு ஒரு வாரமோ பத்து நாளோ முன்னாடி சொன்னால் போதும். அதுவரை "நம்ம வீட்டுக்கு இன்னொரு பாப்பா வரலாம், எப்போன்னு அம்மாவுக்கும் தெரியாது" என்கிற அளவுக்கு மேல் வேண்டாம்.

வீட்டு மாற்றங்களை முன்னாடியே முடிச்சிடணும். பெரியவளைத் தனிக் கட்டிலுக்கு மாத்தணும்னா சின்னது வருவதற்கு மூணு மாசமாவது முன்னால, இல்லைன்னா வந்து அரை வருசம் கழிச்சு. சின்னது வந்த வாரத்தில் மாத்தினால் "அது வந்துச்சு, என் இடம் போச்சு" என்று பிள்ளை கணக்குப் போட்டுடும். புது ஸ்கூல் சேர்க்கையையும் அந்த மாசத்தோடு சேர்க்காதீங்க.

திருநகர் அண்ணன்:
காகித விஷயத்தை நான் சொல்றேன்.

ஹோம் ஸ்டடி அறிக்கை மூணு வருசத்துக்குத்தான் செல்லும். சின்னக் குழந்தைக்கான வரிசை நீளம், அதனால ரெஃபரல் வர்றதுக்குள்ளேயே அது காலாவதியாகிற வாய்ப்பு அதிகம். முடியும் தேதியை காலண்டரில் சிவப்பில் குறிச்சு வைங்க, நாலு மாசம் முன்னாடியே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புதுப்பிக்கக் கேளுங்க.

வயசுக் கணக்கு: 2 வயசு வரையிலான குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85 தாண்டக்கூடாது. 2 முதல் 4 வரை 90, 4 முதல் 8 வரை 100, அதுக்கு மேல் 110. கணவருக்கு 45, மனைவிக்கு 41 என்றால் 86; கைக்குழந்தை கிடையாது, 2 வயசுக்கு மேற்பட்ட குழந்தைதான். முதல் பிள்ளை இப்போ நாலு வயசு என்பதால் மூத்தவளைவிடப் பெரிய பிள்ளை வேண்டுமா என்பதையும் பதிவிலேயே யோசிச்சு முடிவு பண்ணிடுங்க. என்னைக் கேட்டால், வீட்டில் மூத்த இடத்தை முதல் பிள்ளையிடமிருந்து பிடுங்காமல் இருப்பது நல்லது. இன்னொன்று, ரெண்டு பிள்ளைகள் ஆகிட்ட தம்பதிக்கு அதுக்கப்புறம் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள், எளிதில் வீடு கிடைக்காத குழந்தைகள் என்ற பிரிவில்தான் வாய்ப்பு. ஆகவே இந்தத் தடவை இரட்டையரோ உடன்பிறந்தோரோ சம்மதமா என்று தம்பதிக்குள் பேசி வைக்கிறது நல்லது.

ரெஃபரல் வந்தா 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தை எங்களுக்குன்னு காரா தளத்தில் ரிசர்வ் பண்ணிடணும். மதுரையில் மின்தடை, ஃபோன் தொலைஞ்சது, கணவர் வெளியூர் என்று எது நடந்தாலும் கடிகாரம் நிற்காது. பதிவில் கொடுத்த நம்பரை மாத்தாதீங்க. பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்கும் தெரியணும். குழந்தையின் மருத்துவ அறிக்கையைப் பார்த்துச் சொல்ல ஒரு குழந்தை நல மருத்துவரை முன்கூட்டியே பேசி வைங்க. அவர் பார்க்க வேண்டியது பிறந்த எடை, இப்போதைய எடை, தலைச் சுற்றளவு, எத்தனை மாசத்தில் தலை நின்றது, உட்கார்ந்தது, ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி. சுருக்கமான அறிக்கையில் ஒரே ஒரு எடை இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது, மாதவாரி எடை கேளுங்க.

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் தருகிறார். ஆணை வந்ததும் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பா அம்மா பெயரின் ஆங்கில எழுத்தும் இனிஷியலும் முதல் பிள்ளையின் சான்றிதழில் இருப்பதுபோலவே இருக்கான்னு பாருங்க. ஒருத்தருக்கு 'எச்' சேர்த்தும் இன்னொருத்தருக்குச் சேர்க்காமலும் வந்தால் ஸ்கூல், ஆதார், பாஸ்போர்ட் என்று வருசக்கணக்கா இழுக்கும். ஆதாரை எப்பவுமே பிறப்புச் சான்றிதழுக்கு அப்புறம் எடுங்க.

ரெஃபரலில் வர்ற குழந்தை ஃபோட்டோவை வாட்ஸ்ஆப்பில் சொந்தக்காரங்களுக்கு அனுப்பாதீங்க. இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குழந்தையின் அடையாளம் வெளியிடக்கூடாது. ஆறு மாசம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். சட்டத்தை விடுங்க, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரலைன்னா அந்தப் படம் எத்தனை ஃபோனில் கிடக்கும்?

காத்திருப்பு நீளும்போது "ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருக்கு, நேரா வாங்கிக்கலாம்" என்று யாராவது வருவாங்க. அது தத்து கிடையாது, குழந்தை விற்பனை, சட்டப்படி ஐந்து வருசம் வரை கடுங்காவல். உடனே 1098க்குச் சொல்லுங்க.

கே.கே. நகர் செவிலியர்:
சின்னது வந்த முதல் வாரத்துக்கு நான் சொல்றது. இல்லத்து அறிக்கை இருந்தாலும் ஹீமோகுளோபின், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., தைராய்டு மறுபடி பாருங்க, காது கேட்கிறதா என்றும் பரிசோதியுங்க. தடுப்பூசி அட்டை இல்லைன்னா போட்டதாக யூகிக்க வேண்டாம், என்னென்ன போடணும்னு மருத்துவர் சொல்வார். முதல் பிள்ளைக்கும் ஹெபடைடிஸ் பி, அம்மை ஊசி முழுசா போட்டிருக்கா என்று சின்னது வர்றதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

சிரங்கு அடிக்கடி கூடவே வரும். விரல் இடுக்கில், மணிக்கட்டில் ராத்திரி அரிக்கும். பெர்மெத்ரின் 5 சதவீத களிம்பை மருத்துவர் சொன்னபடி ராத்திரி பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவணும், ஏழு நாள் கழிச்சு மறுபடியும். கைக்குழந்தைக்குத் தலைக்கும் பூசுவதா என்று கேட்டுக்குங்க. எல்லாரும் தவறுவது ஒரு இடத்தில்: பிள்ளைக்கு மட்டும் பூசுவாங்க. அரிப்பு இல்லைன்னாலும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே ராத்திரி பூசணும், பெட்ஷீட், துண்டை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடணும். இல்லைன்னா பெரியவளிடமிருந்து மறுபடி சின்னதுக்கு வந்துடும்.

சாப்பாடு. சில பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டுட்டு, இட்லியைத் தலைகாணிக்கு அடியிலும் ஒளிச்சு வைக்கும். திட்டாதீங்க, பிடுங்காதீங்க. கை எட்டுற உயரத்தில் அதுக்குன்னு ஒரு டப்பா வைங்க: வாழைப்பழத் துண்டு, இட்லி, ரஸ்க். நாலைந்து வயசு வரை முழு வேர்க்கடலை, பொரிகடலை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருதரம் கேட்காமலே கொடுத்தால் சில மாதங்களில் ஒளிச்சு வைக்கிறது குறையும். பெரியவளுக்கும் அதே மாதிரி ஒரு டப்பா கொடுங்க, இல்லைன்னா டப்பாவே சண்டையாகும்.

மேலூர் அம்மா:
மொட்டை, காதுகுத்து? மாமியார் இப்பவே குலதெய்வம் கோயிலுக்கு நாள் பார்க்கச் சொல்றாங்க. பிள்ளை யார் மாதிரின்னு பெரிய வீட்டில் கேட்கிறதும் இருக்கும்.

உசிலம்பட்டி அத்தை:
ஆணை வர்ற வரைக்கும் பிள்ளை சட்டப்படி உங்களிடம் பராமரிப்பில் இருக்கு. காது குத்தினா திருப்ப முடியாது, அதனால ஆட்சியர் ஆணைக்கு அப்புறம் வைங்கம்மா. புதுசா வந்த பிள்ளையைக் கூட்டமான கோயிலில், மேளச் சத்தத்தில் அந்நிய ஆள் மடியில் உட்கார வைச்சா அது எப்பேர்ப்பட்ட பயம்! தாய்மாமன் முதல்ல நாலைஞ்சு தடவை வீட்டுக்கு வந்து பழகட்டும். அவருக்குத் தட்டும் சீரும் பெரிசு இல்லை, அந்தப் பிள்ளை அவர் மடியில் ஏறணும். மூத்தவளுக்கு முன்னாடி எப்படிச் செஞ்சீங்களோ அதே அளவு சீர், அதே ஆட்கள். குறைச்சாலும் கூட்டினாலும் பெரியவள் கவனிப்பா.

முதல் மூணு வாரம் தூக்குறது, ஊட்டுறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் அம்மா அப்பா கை மட்டும். அப்பத்தாவும் அம்மாச்சியும் சமையலையும் மூத்தவளையும் பார்த்துக்கட்டும், சின்னதைக் கொஞ்சக் கை நீட்டாதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. மூத்தவள் பாட்டில் பால் கேட்டாலும் பாயை நனைச்சாலும் அலட்டிக்காதீங்க, கேட்டதைக் கொடுங்க. தினமும் ஒரு பதினஞ்சு நிமிஷம் அவளுக்கு மட்டும், கதவைச் சாத்தி, ஃபோன் இல்லாமல்.

எங்க பக்கம் 1992ல சேலத்தில் ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல மதுரைக்கும் வந்ததிலிருந்து "தொட்டில் பிள்ளையா?" என்று கேட்கிற பழக்கம் இருக்கு. ரெண்டு பிள்ளைகளும் எங்கிருந்து, எப்படி வந்தாங்கங்கிறது அவங்கவங்க சொத்து. மூத்தவள் கதையைத் தம்பிகிட்டவோ, தம்பி கதையை மூத்தவள்கிட்டவோ சொல்லாதீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஆல்பம் வைங்க. ஊர்க்காரங்ககிட்ட "எங்க பிள்ளைங்க" என்று சொல்லிட்டு வேலையைப் பாருங்க. யார் மாதிரின்னு கேட்டா "அவளை மாதிரியே இருக்கா" என்று சொல்லுங்க. பிள்ளை நிற்கும்போது கேட்டால் பதில் பிள்ளைக்குத்தான், கேட்டவருக்கு இல்லை.

செல்லூர் அக்கா:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பிள்ளையை வாங்கப் போற தத்து ஏஜென்சி வெளிமாநிலத்தில் என்றால் மூத்தவளைக் கூட்டிட்டுப் போங்க, மாமியார் வீட்டில் விடாதீங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் காணாமல் போறது அவளுக்கு ஆகாது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து மாறிப் போற மாதிரி டிக்கெட் போட்டால் ராத்திரி தூங்கிட்டு வருவா. முதல் சந்திப்புக்கு நீங்க ரெண்டு பேர் மட்டும், தம்பியைத் தூக்கிப் பழகிய பிறகு அவள். ஏஜென்சியில் சின்னது போட்டிருந்த, துவைக்காத ஒரு துணியைக் கேட்டு வாங்கிட்டு வாங்க, வாசனை மாறாமல் இருக்கட்டும். திரும்பும்போது கீழ் பெர்த் ரெண்டு, அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை. யார் யாரோடு என்பதை மூத்தவளே முடிவு பண்ணட்டும்.