ஜனவரியில் டெக்சஸ் ஏரியில் பாஸ்: விரால் பிடிக்கிறவனுக்கு வழி சொல்லுங்கள்

அல்சூர் தூண்டில்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு பெங்களூரு அல்சூரில். பத்து வருஷமாக எனக்கு விரால்தான் எல்லாம். ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு வண்டியை எடுத்தால் ஓசூர் தாண்டி ஏதாவது ஓர் ஏரிக்கரை, ரப்பர் தவளையை ஆகாயத்தாமரை மேல் வீசி டப் டப்பென்று இழுத்துக்கொண்டு வருவது, தண்ணீர் வெடிக்கிற சத்தம் ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதைத் தவிர வேறு வித்தை தெரியாது.

இப்போது ஜனவரியில் இரண்டு வாரம் டல்லாஸில் அக்கா வீட்டில் இருக்கப்போகிறேன். மாமாவுக்கு மீன் என்றால் தட்டில் இருப்பது மட்டும்தான், ஆனாலும் கூட வேலை செய்கிற ஒருவரிடம் படகு இருக்கிறது, பாஸ் என்கிற அமெரிக்க வேட்டை மீனுக்கு லேக் ஃபோர்க் ஏரிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். 27 ஆயிரம் ஏக்கராம். நம் அல்சூர் ஏரி மாதிரி இருநூறு அதற்குள் போகும். இங்கேயே டிசம்பரில் ராத்திரி 14 டிகிரிக்கு இறங்கினால் விரால் வாயைத் திறக்காது. அங்கே தண்ணீரே 10 டிகிரிதான் என்கிறார்கள். போய்ப் பிரயோஜனம் உண்டா? தவளையை எடுத்துப் போகலாமா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ராமமூர்த்தி நகர் ராடு:

தாராளமாகப் போங்கள் தலைவரே. மீன் எங்கேயும் மீன்தான், விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் இருங்கள். நல்ல ஆழமாகப் பார்த்துப் போடுங்கள், 4 டிகிரி தண்ணீர்தான் எடை அதிகம், அதனால் குளிர்காலத்தில் அடியில் சூடு இருக்கும், மேலே குளிரும். பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோமே. தவளை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், எடையா அதிகம்?

திரும்பி வந்தவன்:

ராடு அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அந்த 4 டிகிரி கணக்கு மேலே பனிக்கட்டி மூடுகிற வடக்கத்தி ஏரிகளுக்கு. டெக்சஸில் குளிர்காலத்தில் காற்றடித்துத் தண்ணீர் மேலும் கீழும் கலந்துவிடும், மேலே 10 என்றால் அடியிலும் கிட்டத்தட்ட அதேதான். பாஸ் ஆழத்துக்குப் போவது சூட்டுக்காக இல்லை. அங்கே தட்பவெப்பம் சட்டென்று மாறாது, அது சாப்பிடுகிற ஷாட் மீன் கூட்டமும் அங்கேதான் இருக்கும்.

நான் ஆறு வருஷம் டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவில் இருந்துவிட்டு இப்போது ஒயிட்ஃபீல்டில் டிராஃபிக்கில் நிற்கிறேன். லேக் ஃபோர்க் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அல்சூர் தம்பி, முதல் காரியமாகத் தவளையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜனவரியில் நிஜத் தவளையே சேற்றுக்குள் தூங்குகிறது, மேலே ஒன்று நீந்தினால் பாஸ் நம்புமா? விடியற்காலையும் வேண்டாம். இங்கே வெயில் ஏறினால் விரால் அடங்கும், அங்கே வெயில் ஏறினால்தான் பாஸ் அசையும். பதினோரு மணிக்குச் சாவகாசமாக ஆரம்பியுங்கள், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரைதான் நல்ல நேரம். பாலத்துக் கல் அடுக்கு, கருங்கல் கரை, இதெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், பக்கத்துத் தண்ணீர் அரை டிகிரி ஏறினாலும் மீனுக்குத் தெரிந்துவிடும்.

மீனுடைய உடம்புச் சூடு தண்ணீர்ச் சூடுதான். 10 டிகிரியில் செரிப்பதற்கே நாள் கணக்கில் ஆகும், அதனால் துரத்தாது. வாய்க்கு நேராக வந்து நிற்கிறதைத்தான் எடுக்கும். ஷாட் என்பது நம் மத்திக்குத் தூரத்து உறவு, குளிர் தாங்காத ஜீவன். தண்ணீர் 7 டிகிரிக்குக் கீழே போனால் துடித்துத் துடித்து மிதக்க ஆரம்பிக்கும், பாஸ் கீழே சும்மா நின்றுகொண்டு ஒன்றொன்றாக முழுங்கும். அந்தத் துடிப்பைக் காட்டுகிற லூர்தான், அதாவது மீன் வடிவப் போலி இரைதான், ஜெர்க்பெய்ட். இரண்டு வெட்டு வெட்டி இழுங்கள், நிறுத்துங்கள். நிறுத்தினால் மூச்சு விடாமல் பத்து, பன்னிரண்டு எண்ண வேண்டும். விரால்காரனுக்கு அந்தப் பன்னிரண்டு வினாடி நரகம், எனக்கும் அப்படித்தான் இருந்தது, நாலு எண்ணுவதற்குள் கை தானாக இழுத்துவிடும். முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு இரண்டே மீன், காரணம் இது ஒன்றுதான்.

இன்னொன்று லிப்லெஸ் க்ராங்க்பெய்ட், முன்னால் தகடு இல்லாத போலி மீன், சிவப்பு நிறம். அந்த ஏரியில் ஹைட்ரில்லா புல் உண்டு. புல் தலையில் மாட்டுகிற ஆழத்தில் இழுத்து, மாட்டினதும் வெடுக்கென்று பிடுங்கினால் பிடுங்குகிற அந்த நொடியில் அடிக்கும். இது உங்கள் கைக்குப் பிடிக்கும். ஆழத்தில் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) போட்டு அடியில் உருட்டுவதும் உண்டு, அது தனிப் பொறுமை.

வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குவதை அங்கே நார்தர் என்பார்கள், சில மணி நேரத்தில் 15 டிகிரி விழும். அது வருவதற்கு முந்தின நாள், மேகம் கூடிக் காற்று மாறுகிறபோது, லீவு போட்டாவது போங்கள். வந்துபோன மறுநாள் வானம் துடைத்த மாதிரி நீலமாக இருக்கும், ஃபோட்டோவுக்கு அருமை, மீனுக்கு உதவாது. அன்று அக்காவோடு கடைக்குப் போய்விட்டு வாருங்கள்.

அல்சூர் தூண்டில்:

பதினோரு மணிக்கு மீன்பிடியா, அம்மா கேட்டால் இத்தனை வருஷம் நாலு மணிக்கு அலாரம் வைத்து ஏன் எங்களை எழுப்பினாய் என்பார்கள். இரண்டு சந்தேகம். கடித்தது எப்படித் தெரியும்? அப்புறம், பிடித்ததைச் சாப்பிடலாமா? மாமா அதற்குத்தான் வருகிறார்.

திரும்பி வந்தவன்:

விரால் மாதிரி அடித்துப் பிடுங்காது. தூண்டில் நரம்பு ஒரு பக்கம் லேசாக நகரும், இல்லையென்றால் ஈரக் கோணிப்பை மாட்டின மாதிரி கனமாகும், அவ்வளவுதான். கோணிப்பைதான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், ராடைச் சாய்த்து நிதானமாக இழுங்கள். கையுறையில் விரல் நுனியை வெட்டிவிடுங்கள், நரம்பு விரலில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிரேய்டு என்கிற பின்னல் நரம்பு வேண்டாம், தண்ணீரை உறிஞ்சி ராடு வளையத்தில் உறையும், 10, 12 பவுண்டு தாங்குகிற ஃப்ளூரோகார்பன் நரம்பு போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் லேக் ஃபோர்க் கறார். பாஸ் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவில் இருந்தால் தண்ணீரில் விட்டே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 5 வைத்துக்கொள்ளலாம், அதில் 24-க்கு மேல் ஒன்றே ஒன்று. மாமாவின் வாணலிக்கு க்ராப்பி என்கிற சின்ன மீனைப் பிடியுங்கள், உள்ளங்கை அகலத்தில் வெள்ளைச் சதை, மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் நம் ஊர் ஜிலேபி மீனெல்லாம் தோற்கும். அதிலும் ஒரு வேடிக்கை, டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை அங்கே பிடித்த க்ராப்பியைத் திரும்ப விடக் கூடாது. ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் எப்படியும் செத்துப்போகும், சின்னது பெரியது பார்க்காமல் எடுத்துக்கொண்டு கணக்கு 25 ஆனதும் நிறுத்து என்கிறது சட்டம். லைசென்ஸ் ஆன்லைனில் கிடைக்கும், ஒரு நாளைக்கு மட்டும்கூட வாங்கலாம்.

கெண்டைத் தாத்தா:

க்ராப்பி என்றதும் ஞாபகம் வந்தது. டெக்சஸ் மாநிலத்து பாஸ் ரெக்கார்டு 18.18 பவுண்டு, எட்டு கிலோவுக்கு மேல், பிடித்தது இதே ஏரியில், 1992 ஜனவரி 24-ஆம் தேதி. பிடித்தவர் பேரி செயின்ட் கிளேர். அவர் பாஸ் பிடிக்கவே போகவில்லை, சின்ன உயிர்மீனை முள்ளில் கோத்து க்ராப்பிக்குத் தூண்டில் விட்டிருந்தார். ஆகவே க்ராப்பிக்குப் போகிறபோதும் வலையைப் பெரிதாக எடுத்துப் போங்கள்.

இன்னொரு விஷயம், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். அந்த ஏரி முழுக்கத் தண்ணீருக்குள் பட்ட மரம் நிற்கிறது, படகு வேகமாகப் போய் ஒன்றில் இடித்தால் ஆள் வெளியேதான். 10 டிகிரி தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு வாங்கித் தண்ணீரைக் குடிப்போம், கொஞ்ச நேரத்தில் கை விரல் மடங்காது, நீச்சல் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. மாற்று உடுப்பு ஒரு செட் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

ராமமூர்த்தி நகர் ராடு:

சரி, என் 4 டிகிரியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். தாத்தா இருக்கிற இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

அல்சூர் தூண்டில்:

ஜெர்க்பெய்ட் ஒன்று வாங்கி நேற்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மூடியைத் திறந்து பன்னிரண்டு எண்ணிப் பழகினேன். பக்கத்து வீட்டு ஆயா துணி காயப்போட வந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். ஆனால் ஒரு சிக்கல், அசையாமல் நிற்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது, இது மெதுவாக மூழ்குகிறது. டூப்ளிகேட்டா?

திரும்பி வந்தவன்:

டூப்ளிகேட் இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் அடர்த்தி கூடும், லூரை மேலே தள்ளும். உங்கள் தொட்டியில் 22, 23 டிகிரி இருக்கும், அதனால் இறங்குகிறது. 10 டிகிரியில் நிற்கும், சிலது கொஞ்சம் மேலேகூட ஏறும். ஏறினால் வயிற்றில் ஒட்டுகிற ஈயப் பொட்டு அங்கே கடையில் கேளுங்கள், முன் முள்ளுக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டினால் மூக்கு லேசாகக் கீழே சாய்ந்து நிற்கும், செத்துக்கொண்டிருக்கிற ஷாட் அப்படித்தான் நிற்கும். தொட்டி மூடியைத் திரும்பப் போட்டீர்களா?