கீழக்கரை அரபுத்தமிழ் நோட்டை வாசிக்க உதவி தேவை

வாப்பாவின் பாட்டனார் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று கீழக்கரை வீட்டில் கிடைத்திருக்கிறது. மொழி தமிழ், எழுத்து அரபு. முதல் பக்கத்தில் ஹிஜ்ரி 1342, அதாவது 1923-24. கொழும்பு வியாபாரக் கணக்கோடு குடும்பச் செய்திகளும் இருப்பதுபோல் தெரிகிறது.

மதரஸா உஸ்தாத் ஒருவரிடம் காட்டினோம். அரபுச் சொற்களைப் படித்துவிட்டார். ட, ப, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி சேர்த்த எழுத்துகளில் நின்றுவிட்டார். பல இடங்களில் உயிர்க்குறியும் போடவில்லை. செல்போன் செயலி எல்லாவற்றையும் அரபு என்றே எடுத்துக்கொண்டு குழப்புகிறது. ஒரு காலத்தில் இங்கே வீட்டுப் பெண்கள்கூட இந்த எழுத்தில் கடிதம் எழுதினார்கள். இப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது, மையும் மங்குகிறது, அதுதான் பயம். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் கையெழுத்து அரபுத்தமிழைச் சரளமாக வாசிக்கக்கூடியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?