புதுப்பிப்பு: ஒரு பக்கம் சூம்பிய புல் உருளை

ரவுண்டு பேலரில் (புல்லைச் சுருட்டி உருளையாகக் கட்டும், டிராக்டர் இழுக்கும் இயந்திரம்) காய்ந்த புல் கட்டும்போது உருளை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி வருகிறது, தூக்கினால் கயிறு தொளதொளக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

பேலருக்குள் புல்லைச் சுருட்டும் பெல்ட்டில் கோளாறு இல்லை. புல் உள்ளே போகும் விதம்தான் காரணம். வயலில் வரிசையாகக் கிடக்கும் புல் பேலரின் வாய் அகலத்துக்கு இருந்தால் நேராக ஓட்டலாம். குறுகலாக இருந்தால் இடது ஓரத்தில் கொஞ்ச தூரம் ஊட்டிவிட்டு, சட்டென்று வலது ஓரத்துக்கு மாற வேண்டும். பாம்புபோல வளைந்துகொண்டே போனால் நடுவில்தான் புல் சேரும். உருளை பீப்பாய் மாதிரி வயிறு தள்ளும். இதை முதல் சுற்றிலிருந்தே கவனிக்க வேண்டும், உருளையின் நடுப்பகுதி கோணலாகிவிட்டால் பின்னால் நிமிர்த்த முடியாது.

அப்புறம் வேகம். பி.டி.ஓ. (டிராக்டரிலிருந்து பேலரை இயக்கும் தண்டு) சுழற்சியைக் குறைக்காமல் டிராக்டரை மட்டும் மெதுவாக விட்டால் புல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு இறுகுகிறது. விரல் நுழையாத அளவுக்குக் கெட்டி! கயிற்றுக்குப் பதில் வலை என்றால் 2 அல்லது 3 சுற்று போதும்.

இறுக்கமான உருளையில் ஈரம் வெளியேறாது. அதனால் 18 சதவீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்.