ஊரை விட்டுப் புறப்படும் முன் செங்கோட்டையைச் சுற்றி எந்தெந்தச் சாலைகளில் போய்வரலாம்?

செங்கோட்டை மருமகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குக் குஜராத்தில் உள்ள ராஜ்கோட்டுக்குப் பணிமாற்றல் வந்திருக்கிறது. ஆவணி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு புறப்பட வேண்டும். திருமணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காலையில் வாசல் தெளிக்கும்போதே மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த மலைக்குள் போகும் சாலைகளை நிதானமாகப் பார்த்ததில்லை. வெளியூர் உறவினர்கள் வரும்போது குற்றாலம் அழைத்துச் செல்வதோடு எங்கள் பயணம் முடிந்துவிடும்.

இருக்கும் சில வாரங்களில், சனி ஞாயிறுகளில் மட்டும், எங்கள் சிறிய காரில் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படியாகச் சில இடங்களுக்குப் போய்வர விரும்புகிறோம். அத்தைக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகமாகப் படியேற முடியாது. மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ரயில் என்றால் போதும், சாப்பாடுகூட வேண்டாம். எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற பேராசை எங்களுக்கு இல்லை. போன பிறகு, ‘பக்கத்திலேயே இருந்தும் அதைப் பார்க்காமல் வந்துவிட்டோமே’ என்று நினைக்க வைக்கும் இடங்கள் எவை என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

புளியரைக்காரன் எழுதியது:

சகோதரி, என்னைக் கேட்டால் புளியரை வழியாக ஆரியங்காவு, கழுத்துருட்டி, தென்மலை செல்லும் கொல்லம் சாலை ஒன்றே உங்கள் கேள்விக்குப் பாதி விடையாகிவிடும். தென்மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதை ஒரு முழு நாளுக்கான பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகப் போகிறவர்களுக்கு அது லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் ஒரு மலைச்சாலை, அவ்வளவுதான். நிதானமாகப் போகிறவர்களுக்கு மட்டுமே அது தன்னைக் காட்டும். புளியரையில் வயல்களையும் தென்னைகளையும் கடந்து எஸ் வளைவில் ஏறும்போது முகத்தில் அடிப்பது நம் ஊர்ச் சாரல் காற்று. மாநில எல்லையைத் தாண்டிச் சற்று இறங்கியதும் காற்று அடங்கி, சாரல் கனத்த மழையாகி, சாலையோர மண்மேடெல்லாம் பெரணியும் பாசியுமாக மாறிவிடும். தென்மேற்குப் பருவமழையை மலை அந்தப் பக்கமே பெரும்பாலும் இறக்கி வைத்துவிட்டு, கணவாய் வழியாக மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்புகிறது என்று மகனுக்குப் பாடமாகச் சொல்வதைவிட, அந்த எல்லையில் காரின் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கடக்கச் செய்யுங்கள்.

ரயில்பித்துப் பிடித்த பிள்ளைக்குக் கழுத்துருட்டி அருகே இருக்கும் பதிமூன்று கண் பாலத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்துக் கட்டுமானம் அது. சாலைக்கும் ஆற்றுக்கும் அருகிலேயே, கருங்கல் தூண்களின் மேல் பதின்மூன்று வளைவுகளாக நிற்கிறது. மீட்டர் கேஜ் போய், அகலப்பாதையில் 2018-இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியபோதும் அதே பாலத்தைத்தான் வலுப்படுத்திப் பயன்படுத்தினார்கள். வண்டி வரும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போய்ப் பாலத்தின் கீழே நில்லுங்கள். ஏற்றம் கடுமையாக இருப்பதால் வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் சேர்த்துத் தள்ளுவார்கள். முன் எஞ்சின் பாலத்தைக் கடந்து மரங்களுக்குள் மறைந்து வெகுநேரம் கழித்துப் பின் எஞ்சின் வந்து சேரும். அதுவரைக்கும் பாலத்தின் கண்களுக்குள் சத்தம் உருண்டுகொண்டே இருக்கும்.

தென்மலையில் பரப்பாறு அணையின் நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி உண்டு. அதற்குக் கூட்டமிருந்தால் விட்டுவிடலாம். அதைவிடப் புனலூர் வரை போய்க் கல்லடையாற்றின் மேல் இருக்கும் தொங்குபாலத்தைப் பார்ப்பது மேல். 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தில் இப்போது வாகனங்கள் செல்வதில்லை, நடந்துதான் போக வேண்டும். பலகைகளின் இடைவெளியில் கீழே ஆறு ஓடுவது தெரியும். திரும்பி வரும்போது அதே சாலையில் வாருங்கள், வேறு வழி தேட வேண்டாம். மேற்கிலிருந்து கிழக்கே வரும்போது, மழைக்காட்டின் இருட்டிலிருந்து வளைவு திரும்பியதும் நம் பக்கத்து வயல்வெளி வெயிலோடு விரியும் அந்த இடத்தைப் போகும் திசையில் நீங்கள் காணவே முடியாது.

இலஞ்சி வாத்தியார் எழுதியது:

புளியரைக்காரர் சொன்ன சாலையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் புனலூர் வரை போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென்மலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆரியங்காவு அருகே இருக்கும் பாலருவிக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம். அருவிக்கு அருகில் பாறைகள் வழுக்கும், மழை வலுத்தால் வனத்துறையினர் அனுமதிப்பதும் இல்லை.

அம்மா, நீங்கள் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிழக்கேயும் ஒரு காலைப்பொழுதைக் கொடுங்கள். இந்த ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி, சாம்பவர் வடகரைப் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கேரளத்திலிருந்து கார் காராக வருகிறார்கள். நாம்தான் பால் வண்டி போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். முற்றிய பூக்கள் சூரியனோடு சுற்றுவதில்லை, கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகவே காலையில் போய், வயலுக்குக் கிழக்குப் பக்கமாக நின்று பாருங்கள். பூக்கள் அத்தனையும் உங்களைப் பார்த்திருக்கும். அவற்றின் பின்னால் மேற்கே மேகம் மூடிய மலை முழுநீளத்துக்கும் தெரியும். உழவர்களின் அனுமதியில்லாமல் வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். மிதிபடும் செடிகளுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

குற்றாலத்துக்கு உறவினர்களோடு பலமுறை சென்றிருப்பீர்கள். சித்திர சபைக்குள் நின்று பார்த்திருக்கிறீர்களா? அருவிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலைக் கடந்துதான் போகிறார்கள், உள்ளே வருவதில்லை. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் அது ஒன்று. மற்ற சபைகளில் திருமேனியாக இருக்கும் இறைவன் இங்கு ஓவியமாக இருக்கிறான். மூலிகை வண்ணங்களால் தீட்டிய சுவரோவியங்கள் நான்கு புறமும் இருக்கின்றன. படியேறும் சிரமம் அதிகமில்லை, கூட்டமும் இருக்காது. உங்கள் அத்தை ஓர் ஓரமாக உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். குளிப்பதென்றால் காவலர்கள் அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் குளியுங்கள். மலைக்குள் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

ஒரு மாலையைப் பண்பொழித் திருமலைக்கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படிகள் பல நூறு இருந்தாலும் கார் மேலே போவதற்குப் பாதை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் குளம், வயல், தென்னந்தோப்பு என்று நீங்கள் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த நிலம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். வீட்டுக்காரரிடம் சொல்லி உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள்.

புனலூர்த் தமிழன் எழுதியது:

அக்கா, மலைக்கு அந்தப் பக்கத்துச் சாஸ்தா கோயில்களைப் பற்றிச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லையே என்பதால் எழுதுகிறேன். நீங்கள் தென்மலைக்குப் போகும் அன்றே ஆரியங்காவு சாஸ்தாவைப் பார்த்துவிடலாம். கோயில் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. ஆனால் சாலை மட்டத்திலிருந்து படியிறங்கிப் போக வேண்டும் என்பதை அத்தைக்காக முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோயிலுக்கும் நீங்கள் போகப்போகும் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்குள்ள ஐயனுக்கு மனைவியான புஷ்கலை சௌராஷ்டிரக் குலத்துப் பெண் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அதனால் மதுரைச் சௌராஷ்டிர சமூகத்தார் ஒவ்வொரு மார்கழியிலும் பெண்வீட்டாராக வந்து திருக்கல்யாணத்தை நடத்தி வைக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் கிளம்பி வந்த சௌராஷ்டிர நாட்டில்தான் ராஜ்கோட் இருக்கிறது.

தென்மலையிலிருந்து சற்றுத் தெற்கே போனால் குளத்துப்புழை. அங்கே சாஸ்தா குழந்தை வடிவம். கோயிலை ஒட்டிய ஆற்றில் மீன்களைப் பிடிக்க மாட்டார்கள். கையில் பொரியோடு படித்துறையில் நின்றால் கறுத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வரும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்பிக் கூட்டிவருவதுதான் கடினம்.

அச்சன்கோவில் தனி. அதைக் கேரளக் கோயில் என்று சொன்னாலும், புனலூரில் பாதுகாக்கப்படும் ஐயனின் திருவாபரணங்கள் மார்கழித் திருவிழாவுக்குச் செங்கோட்டை, தென்காசி வழியாகத்தான் ஊர்வலமாக வருகின்றன. செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. உங்கள் ஊர் நுழைவாயில் வளைவில் இன்றும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. அச்சன்கோவிலுக்கு மேக்கரை வழியாகப் போகும் சாலை குறுகியது, காட்டுக்குள் வளைந்து வளைந்து செல்வது. போகும் வழியில் அடவிநயினார் அணையில் இறங்கிப் பார்க்கலாம். 132 அடி உயரம். காலையில் போய் நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். மாலைக்குப் பிறகு அந்தச் சாலையில் யானைகள் நிற்கும்.

செங்கோட்டை மருமகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாத்தியார் ஐயா, சித்திர சபைக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. வரும் சனிக்கிழமை காலையில் சூரியகாந்தி, பிறகு சித்திர சபை, மாலையில் பண்பொழி என்று வைத்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் தென்மலையும் ஆரியங்காவும். புளியரை அண்ணாச்சி சொன்ன தொங்குபாலத்தை விடவும் எங்களுக்கு மனமில்லை. மகனும் அவன் அப்பாவும் மட்டும் ரயிலில் புனலூர் போய், பாலத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்புவது நடக்குமா?

அச்சன்கோவிலை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அத்தையிடம் இந்த இழையை வாசித்துக் காட்டியபோது, வேறு எங்கும் வராவிட்டாலும் அச்சன்கோவிலுக்குத் தாம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

புளியரைக்காரன் எழுதியது:

தாராளமாக நடக்கும், சகோதரி. புனலூர் வரை 49 கிலோமீட்டர் ரயில்பாதை. பகவதிபுரம் தாண்டியதும் குகை வந்துவிடும், அதன் பிறகு பையன் ஜன்னலை விட்டு நகர மாட்டான். புனலூர் நிலையத்திலிருந்து பாலத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம். அங்கிருந்து தென்காசிக்கு இரு மாநில அரசுப் பேருந்துகளும் வருகின்றன. போகும் நாளில் ரயில் நேரத்தை மட்டும் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையை அச்சன்கோவிலுக்கு முன்னிருக்கையில் உட்கார வைத்து அழைத்துச் செல்லுங்கள்; பின்னிருக்கையில் அந்த வளைவுகள் தலைசுற்ற வைக்கும். முந்தைய இரவு மேக்கரைப் பக்கம் கனமழை பெய்திருந்தால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.